பத்து அங்குல சங்கன்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பாத்ரூம் தளத்தில் நடந்த வேலை

மதுரையில் ஒரு முதல் மாடி பாத்ரூம். நீளம் ஏழடி, அகலம் ஐந்தடி, சங்கன் (குழாய்கள் போக வசதியாகத் தாழ்த்திப் போட்ட ஸ்லாப் பள்ளம்) ஆழம் பத்து அங்குலம், நேர் கீழே சமையலறை. சமையலறைக் கூரையில் பெயின்ட் கொப்புளித்து, உப்பு பூத்து, ஒரு மூலையில் கம்பி துருவேறிப் பூச்சு பெயர்ந்து விழுந்த பிறகுதான் வேலை ஆரம்பமானது. இப்போது தளம் டைல்ஸ் ஒட்டத் தயார். சங்கனுக்குள் ஒரு முறையும் மேல்தளத்தில் (சங்கனை நிரப்பி மூடிய கான்கிரீட்டின் மேல்) ஒரு முறையும் தண்ணீர் நிறுத்திப் பார்த்தாகிவிட்டது, கீழே புதிதாகக் கசிவில்லை. ஆனால் சங்கனில் முதலில் நிறுத்தியபோது ஒழுகியது. அது ஏன் ஒழுகியது என்பதற்கே இந்தப் பதிவில் அதிக இடம்.

உடைப்பதற்கு முன் கசிவு எங்கிருந்து என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாக் குழாயும் சந்தேகத்துக்குரியவைதான். சிபிவிசி லைனின் (தண்ணீர் வரும் பிளாஸ்டிக் குழாய்) எல்லா முனைகளிலும் பிளக் போட்டு, கை பம்பால் சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் விட்டார்கள். முள் இறங்கவில்லை, ஆக சப்ளை லைன் நல்ல நிலையில்தான் இருந்தது. அடுத்து நானி டிராப்புக்குள் (தரைத் தண்ணீர் வெளியேறும் வாய்) மட்டும் வாளி வாளியாக ஊற்றியதில் கீழே மாற்றமில்லை. டிராப்பை அடைத்துவிட்டுத் தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தியதும் மறுநாள் கூரையில் சொட்டு கூடியது. எனவே தளம்தான். இன்னொரு அறிகுறியும் இருந்தது: பாத்ரூமை ஒரு வாரம் பூட்டிவைத்த பிறகும் சொட்டு நிற்கவில்லை. அப்படியென்றால் சங்கனுக்குள் போட்ட நிரப்பு முழுக்கத் தண்ணீர் குடித்து உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு முன்பே டைல்ஸ் ஜாயின்ட்டைக் கீறி எபாக்ஸி கிரவுட் (இடுக்கை அடைக்கும் ரசாயனக் கலவை) போட்டிருந்தார்கள். சில மாதம் கூரை காய்ந்தது போலத் தெரிந்தது, பிறகு பழையபடி. ஜாயின்ட் அடைப்பது தவறான வேலையில்லை. ஆனால் தண்ணீர் இறங்குவது ஜாயின்ட்டில் மட்டுமில்லை. டிராப்பைச் சுற்றி, சுவரும் தரையும் சேரும் மூலையில், வாசல் படிக்கு அடியில் என்று எல்லா வழியும் திறந்திருக்கும்போது ஒரு வழியை அடைத்துப் பயனில்லை. சங்கனில் தண்ணீர் நிரம்பிய வீட்டில் இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

உடைப்புக்கு 5 கிலோ டெமாலிஷன் ஹேமர் போதும். பெரிய பிரேக்கரை உள்ளே விட்டால் சங்கன் ஸ்லாப்பே விரிசல் விடும். கடைசி இரண்டு அங்குலத்தை மெஷின் தொடாமல் உளியும் சுத்தியலும் வைத்தே எடுத்தார்கள். உள்ளே கிடைத்தவை: உடைந்த செங்கல், பெயர்த்த பூச்சுக் கட்டி, சிமென்ட் சாக்கு, மரத்துண்டு. அடியில் கறுத்த சேறு. கட்டும்போது மிஞ்சிய குப்பையையெல்லாம் சங்கனில் தள்ளி மூடுவது இங்கே பழக்கமாகவே இருக்கிறது. முப்பத்தைந்து சதுர அடிக்கு எட்டரை, ஒன்பது அங்குல நிரப்பு என்றால் முக்கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஈரத்தோடு எடை ஒரு டன்னைத் தாண்டும். மூட்டை கட்டி இறக்கும் கூலியை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது, கடைசியில் தகராறு வருவது இதில்தான்.

ஸ்லாப் வெளியே தெரிந்ததும் அதை நன்றாகக் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தட்டிப் பார்த்தார்கள். பொள்ளல் சத்தம் வந்த இடத்தையெல்லாம் கெட்டியான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுத்தார்கள். கொத்திய இடத்தில் எஸ்பிஆர் லேடக்ஸ் (சிமென்ட்டை ஒட்டவைக்கும் ரப்பர் பால்), தண்ணீர், சிமென்ட் கலந்த பாலைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே லேடக்ஸ் சேர்த்த 1:3 (சிமென்ட் ஒன்று, மணல் மூன்று) கலவையை அழுத்தி அடைக்க வேண்டும். பால் காய்ந்த பிறகு கலவை வைத்தால் அந்தப் பால் ஒட்டவைக்காது, பிரித்துவைக்கும். கீழ்ப்பக்கம் துருவேறிய கம்பியைச் சுத்தமாகத் தேய்த்துத் துத்தநாக பிரைமர் அடித்தார்கள். இங்கே கம்பி மேலாகத்தான் துருவேறியிருந்தது. விட்டம் கண்ணுக்குத் தெரிய மெலிந்திருந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

இப்போது வெளியே போகும் பைப்புகள். டக்ட் (வெளியே குழாய்கள் இறங்கும் இடைவெளி) பக்கம் செங்கல் சுவர் என்பதால் துளையிடுவதில் சிக்கலில்லை (பீமாக இருந்தால் துளை என்ற பேச்சே எடுக்கக் கூடாது). மூன்று பைப் வெளியே போகிறது: கிளாசெட்டுக்கு 110 மி.மீ., டிராப்புக்கு 75 மி.மீ., அப்புறம் ஸ்லாப் மட்டத்திலேயே ஓர் அங்குல ஸ்பவுட் (தண்ணீர் வடியும் சிறு குழாய்). இந்த ஸ்பவுட்டைப் பல வீடுகளில் வைப்பதே இல்லை. மேல்தளம் என்றாவது கசிந்தால் சங்கனுக்குள் இறங்கும் தண்ணீர் டக்ட்டுக்குப் போக இது ஒன்றுதான் வழி. டக்ட்டில் எட்டிப் பார்த்து ஸ்பவுட் வாய் ஈரமாக இருந்தால், கூரை கறுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். விலை நூறு ரூபாய்கூட வராது.

பைப்பை முழு நீளத்தில் போடாமல், சங்கனுக்குள் ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி துண்டாக மட்டும் வைத்து, முனையில் எண்ட் கேப்பைச் சால்வென்ட் போட்டு ஒட்டிவிட்டார்கள். டிராப்போ வளைவோ இந்தக் கட்டத்தில் கிடையாது. தண்ணீர் நிறுத்திப் பார்க்கும்போது அடைப்புத் துணி, பலூன் பிளக் என்று எதையும் நம்ப வேண்டாம். சோதனை முடிந்ததும் கேப்பை வெட்டி எறிந்துவிட்டு மீதித் துண்டில் கப்ளர் போட்டுக்கொள்ளலாம்.

சங்கன் ஸ்லாப் மட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் நடுவில் குழிந்திருந்தது. லேடக்ஸ் கலந்த 1:4 கலவையை எதிர் மூலையில் 20 மி.மீ., ஸ்பவுட் வாயில் ஒன்றுமில்லை என்ற அளவில் வாட்டம் (சரிவு) கொடுத்துப் போட்டார்கள். சுவரும் தரையும் சேரும் எல்லா மூலையிலும் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் வட்டமாகக் கோவிங். கோவிங் இழுக்கத் தனிக் கருவி வேண்டாம், ஒரு கண்ணாடி பாட்டிலின் பக்கவாட்டே போதும். நேர் மூலையில் நீர்க்கசிவைத் தடுக்கும் கோட்டிங் அடித்தால் அது மடங்கும் இடத்தில் மெலிந்து, ஸ்லாப் சிறிது அசைந்தாலும் கிழியும். கோவிங்கின் வேலை அந்த மடிப்பை எடுத்துவிடுவது.

கோட்டிங்குக்கு எடுத்தது திரவமும் பவுடருமாக வரும் இரண்டு பாக அக்ரிலிக் சிமென்ட் வகை. எந்தக் கம்பெனி என்பது இரண்டாம் பட்சம். இந்த வகை எல்லாமே நடத்தையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணக்கு இப்படி: தரை 3.25 சதுர மீட்டர், சுற்றுச் சுவர் நீளம் 7.3 மீட்டர். சங்கன் ஆழமும் அதற்கு மேல் ஓர் அடியும் சேர்த்து 55 செ.மீ. உயரம் என்றால் சுவரில் 4 சதுர மீட்டர். மொத்தம் ஏழேகால். இரண்டு கோட்டும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ இறங்கும். 15 கிலோ கிட் ஒன்று கச்சிதம்.

திரவத்தை முதலில் வாளியில் ஊற்றி, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட வேண்டும். மாற்றிச் செய்தால் அடியில் கட்டி நிற்கும். டிரில்லில் மாட்டும் கலக்கியை மெதுவான வேகத்தில் மூன்று நிமிடம் ஓட்டினால் போதும், வேகம் கூடினால் காற்றுக்குமிழி ஏறி அது பிறகு ஊசித்துளையாக மாறும். மொத்தக் கிட்டையும் ஒரே தடவையில் கலக்கக் கூடாது. மதுரை வெயிலில் கலவை அரை மணி நேரத்தில் இறுக ஆரம்பிக்கும். இறுகும்போது சித்தாள் கை தானாகத் தண்ணீர்ச் செம்புக்குப் போகும். தண்ணீர் சேர்த்த கோட்டிங் காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினாலே பொடியாக வரும். எனவே தராசில் எடைபோட்டு மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்காகக் கலப்பதே சரி.

அடிக்கும் முன் தளத்தை நனைத்து, தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். தளம் கறுத்த ஈரத்தில் இருக்கலாம், மினுமினுக்கக் கூடாது. காய்ந்த தளம் கோட்டிங்கில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், தேங்கிய இடத்தில் அது ஒட்டாது. முதலில் கோவிங்கிலும் பைப்பைச் சுற்றியும் மட்டும் ஒரு கை அடித்து, ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் மெஷ்ஷை ஆறு அங்குலப் பட்டையாக வெட்டிப் பதித்து, மேலே மறுபடி பிரஷ் ஓட்ட வேண்டும். பிறகு தரையும் சுவரும் முழுக்க முதல் கோட், நான்கைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது கோட் அதற்குக் குறுக்குவாட்டில். முதல் கோட் சாம்பல் நிறம், இரண்டாவது வெள்ளை என்று வாங்கினால் விட்டுப்போன இடம் தானாகக் கண்ணில் படும்.

இதில் ஒரு கோளாறு வந்தது. கோவிங் பள்ளத்தில் கோட்டிங் வழிந்து தேங்கி, காய்ந்ததும் மயிரிழை விரிசல் விட்டது. இந்தப் பொருள் ஒரு கோட்டில் ஒரு மி.மீ.க்கு மேல் தடித்தால் சுருங்கி வெடிக்கும். விரிசல் விட்ட பகுதியைச் சுரண்டி எடுத்து மெல்லிசாக மறுபடி அடித்துச் சரியானது. சுவரை முதலில் அடித்துவிட்டுத் தரைக்கு வரும்போது மூலையை வெறும் பிரஷ்ஷால் ஒரு முறை துடைத்தெடுத்தால் இந்தத் தேக்கம் வராது.

இந்தக் கோட்டிங்குக்குத் தண்ணீர் ஊற்றி க்யூரிங் செய்வது கிடையாது. காற்றிலேயே ஐந்து நாள் விட்டு, பிறகு சங்கனில் மூன்று அங்குலம் தண்ணீர் நிறுத்தினார்கள்; சுமார் 245 லிட்டர். சுவரில் பென்சில் கோடு. கூடவே ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி அதிலும் கோடு போட்டு உள்ளேயே வைத்தார்கள். கோடை நாளில் ஆவியாகி இறங்குவது கொஞ்சம் இருக்கும். வாளியில் இறங்கிய அளவை சங்கனில் இறங்கியதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் கசிவு. இந்த வாளி இல்லாமல் நடக்கும் சோதனையில் கொத்தனார் ஆவி என்பார், வீட்டுக்காரர் ஓட்டை என்பார்.

வாளியில் 3 மி.மீ. இறங்கியிருந்தபோது சங்கனில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. பார்த்தவுடன் முழுவதும் இன்னொரு கோட் அடிக்கலாம் என்ற பேச்சு வந்தது. அதற்குள் பொருளும் வாங்க ஆள் கிளம்பியாயிற்று. ஆனால் தண்ணீரை இறைக்காமல் அப்படியே விட்டுவைத்ததுதான் உதவியது: மட்டம் தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு வந்ததும் இறங்குவது நின்றுவிட்டது, அதன் பிறகு வாளியும் சங்கனும் சமமாகவே இறங்கின. தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது. தரை நல்ல தரை, ஸ்பவுட்டும் நல்லது. இரண்டு அங்குல உயரத்தில் இருந்தது கிளாசெட் பைப்பின் அடிவயிறு. டக்ட் பக்கம் போய்ப் பார்த்தால் அந்தப் பைப்புக்குக் கீழே சுவர் நனைந்திருந்தது.

காரணம் எளிது. சுவரில் துளையைப் பைப் நுழையும் அளவுக்கே போட்டிருந்தார்கள். பைப் துளையின் அடியில் உட்கார்ந்துவிட்டது. மேலேயும் பக்கத்திலும் கலவை போயிற்று, அடியில் போக இடமில்லை. மேலே போன கலவையும் சாதாரண சிமென்ட் கலவை. பிவிசி வழுவழுப்பானது, சிமென்ட் அதைப் பிடிக்காது. காயும்போது சுருங்கி மயிரிழை இடைவெளி விடும். மேலே எவ்வளவு கோட்டிங் அடித்தாலும் அந்த இடைவெளி மேல் அது பாலமாகத்தான் நிற்கிறது, பைப் ஒரு முறை அசைந்தால் போச்சு.

சரிசெய்த விதம்: பைப்பைச் சுற்றி ஓர் அங்குல அகலம், ஓர் அங்குல ஆழத்துக்குக் கொத்தி எடுத்து, பைப் தெரியும் பகுதியை 60-ஆம் நம்பர் எமரி தாளால் வெளுக்கும்வரை தேய்த்தார்கள். அதன் மேல் சால்வென்ட் சிமென்ட் தடவி, ஈரம் காயும் முன் சலித்த காய்ந்த மணலைத் தூவி ஒட்டவிட்டார்கள். இது பழைய பிளம்பர்களின் கைவேலை; பைப்புக்குச் சொரசொரப்பு வந்து சிமென்ட் பிடிக்க ஆரம்பிக்கும். பிறகு சுருங்காத கிரவுட்டை (காயும்போது சுருங்காத சிமென்ட் கலவை) கெட்டியாகப் பிசைந்து குச்சியால் குத்திக் குத்தி அடியிலும் ஏற்றி, முகப்பில் 10 மி.மீ. பள்ளம் விட்டு, கிரவுட் இறுகிக் காய்ந்ததும் அதில் பாலியூரிதேன் சீலன்ட். மேலே மெஷ், இரண்டு கோட். மற்ற இரண்டு பைப்புகளும் ஒழுகவில்லை என்றாலும் அவற்றுக்கும் இதையே செய்தார்கள். மறுபடி 48 மணி நேரம் நிறுத்தியதில் வாளியும் சங்கனும் ஒரே அளவு இறங்கின.

பாத்ரூம் கசிவு என்றால் எந்தக் கெமிக்கல் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சமதளத்தில் ஒழுகிய கோட்டிங் அபூர்வம். ஒழுகுவது பைப் வாயிலும் மூலையிலும் வாசலிலும்தான், அங்கே வேலை செய்வது கெமிக்கல் இல்லை, உளி.

சோதனை தேறியதும் கோட்டிங் மேல் யாரும் நடமாடுவதற்கு முன் 1:4 கலவையில் அரை அங்குலம் பாதுகாப்புப் பூச்சு போட்டுவிட வேண்டும். பைப்புக்கு முட்டுக் கொடுக்க வைக்கும் ஒரு செங்கல் முனை போதும், அத்தனை வேலையையும் கெடுக்க. அதன் பிறகு டிராப்பும் வளைவுகளும். 75 மி.மீ. பைப்புக்கு மீட்டருக்கு இரண்டரை செ.மீ. வாட்டம். டிராப்பில் தண்ணீர் நிற்கும் ஆழம் 50 மி.மீ. இருக்கிறதா என்று வாங்கும்போதே அளந்து பார்க்கலாம். அதற்குக் குறைந்தால் கோடையில் காய்ந்து நாற்றம் வரும். ஸ்பவுட் வாயின் மேல் நைலான் வலை, அதைச் சுற்றி முக்கால் அங்குல ஜல்லி ஒரு கூடை.

நிரப்புக்கு ஏஏசி பிளாக்கை (காற்றுக்குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கல்) உடைத்து 1:6 கலவையில் பதித்தார்கள். ஆறு அங்குல நிரப்பு, அரை கன மீட்டர். செங்கல் ஜல்லி என்றால் 800 கிலோவுக்கு மேல் ஆகியிருக்கும்; இது கலவையோடு சேர்த்தே அதில் பாதிதான். ஏஏசி தண்ணீர் குடிக்கும் என்று சொல்வது உண்மை, செங்கலும் குடிக்கும். எதைப் போட்டாலும் குப்பையைப் போடாமல், இடுக்கில் கலவை நிறைய, பள்ளம் விடாமல் போட்டால் பின்னால் தரை இறங்காது.

மேலே 1:2:4 கான்கிரீட், 12 மி.மீ. ஜல்லி, சராசரி 60 மி.மீ. கனம், சிமென்ட் ஒன்றேகால் மூட்டை. வாட்டத்தை இங்கேயே முடித்துவிட வேண்டும், டைல்ஸ்காரரிடம் விடக் கூடாது. வாசலில் இருந்து டிராப்புக்கு ஏழடிக்கு 25 மி.மீ. இறக்கம் வைத்து, முதலில் மட்டப் பொட்டுகள் வைத்து, நூல் கட்டி, மணியாசுக் கட்டையால் (மட்டப்படுத்தும் மரக்கட்டை) தேய்த்தார்கள். டைல்ஸ், பசை கனம் 15 மி.மீ. போக, முடிந்த தரை அறைத் தரையைவிட 20 மி.மீ. தாழ்வாக வரும்படி கணக்கு. ஏழு நாள் ஈரச் சாக்கு.

மேல் கோட்டிங்குக்கு இன்னொரு 15 கிலோ கிட். தரை முழுக்க, சுற்றிலும் ஓர் அடி உயரம், ஷவர் மூலையில் இரண்டு சுவரிலும் ஆறடி. டிராப் வாயின் விளிம்புக்கு உள்ளே வரை மெஷ்ஷோடு மடக்கி அடிக்க வேண்டும். விளிம்போடு நிறுத்தினால் டைல்ஸுக்கு அடியில் வரும் ஈரம் டிராப்புக்குள் போகாமல் வெளிப்பக்கமாக இறங்கும். வாசல் கிரானைட் படியை எடுத்துவிட்டு அதன் அடியிலும் கோட்டிங்கை ஏற்றி அறைப் பக்கம் வரை கொண்டுவந்தார்கள். பாத்ரூம் வாசலை ஒட்டிய அறைச் சுவரில் ஓதம் ஏறுவது பெரும்பாலும் இந்தப் படிக்கு அடியில்தான். இரண்டாவது தண்ணீர் நிறுத்தலுக்கு ஓர் அங்குலம் போதும். டிராப் வாயில் பிளக், அதே வாளி. இதில் ஒரே தடவையில் தேறியது, ஸ்பவுட்டும் காய்ந்திருந்தது.

பொருள் செலவு ஏறக்குறைய ₹17,500: கோட்டிங் இரண்டு கிட் ₹6,000, லேடக்ஸ் ₹1,800, கிரவுட் ₹1,100, மெஷ்ஷும் சீலன்ட்டும் ₹900, பைப்பும் டிராப்பும் ₹2,500, ஏஏசி ₹2,200, மீதி சிமென்ட், எம்-சாண்ட், ஜல்லி. கூலியும் இடிபாடு அகற்றியதும் அதைவிட அதிகம், சுமார் ₹22,000. ஊருக்கு ஊர் கூலி மாறும்.

அடுத்த வீட்டில் மாற்ற வேண்டியவை: சுவர்த் துளையைப் பைப்பைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாகப் போட்டு, பைப்பை நடுவில் தூக்கி நிறுத்தி, முதல் தடவையே சுருங்காத கிரவுட் ஊற்றுவது. ஹெல்த் ஃபாசெட், டவல் கம்பி, கிளாசெட் இவற்றின் ஸ்க்ரூ துளைகள் எங்கே வரும் என்று கோட்டிங்குக்கு முன்பே சுவரில் குறித்து, துளையிட்டுப் பிளக் அடித்துவிடுவது. டைல்ஸ்காரர் ஒன்றரை அங்குலம் கலவை பரப்பிச் சிமென்ட் பால் ஊற்றி ஒட்டுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது, வாட்டத்துக்கு ஒதுக்கிய உயரமே போய்விடும், அந்தக் கலவைப் படுகையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே கோட்டிங் மேல் நேராக டைல்ஸ் பசை, பல்வைத்த கரணையில் 6 மி.மீ. பல், ஜாயின்ட் 3 மி.மீ., எபாக்ஸி கிரவுட் என்று பேசி முடித்திருக்கிறது. கீழே சமையலறைக் கூரையின் பூச்சை மட்டும் இப்போதைக்குத் தொடவில்லை. ஸ்லாப்பில் ஊறிய ஈரம் முழுக்க வெளியேறும் முன் பட்டி பார்த்தால் பெயின்ட் மறுபடி கொப்புளிக்கும், கசிவு நிற்கவில்லை என்று வீணாகச் சந்தேகம் வரும்.